18 ஆண்டுகள் நின்றுவிட்ட அம்பாசிடர்: எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். காலமான தந்தையாரின் 1972ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2, ஊர் வீட்டின் ஓட்டுக் கொட்டகையில் சுமார் 18 ஆண்டுகளாக அசையாமல் நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம், ஓடினால் பெயிண்ட் அடித்துவிடலாம், ஓடாவிட்டால் எஞ்சினை இறக்கிவிடலாம் என்று உள்ளூர் மெக்கானிக் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா, செலவை எதில் முதலில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படிச் செய்ய வேண்டாம். பேட்டரியைக் கொட்டகைக்குள் கொண்டுபோகவே வேண்டாம். நின்றுபோன வண்டியை 18 ஆண்டு காலம் கெடுப்பதைவிட, அதை எழுப்ப வந்தவரின் முதல் பத்து நிமிட அவசரம் அதிகமாகக் கெடுத்துவிடும். அதனால்தான் எதை வாங்குவது என்பதைவிட எதை எதற்குப் பிறகு செய்வது என்பதைப் பற்றியே இந்தப் பதிலில் அதிகம் எழுதுகிறேன்.

முதலில் ஒரு நல்ல செய்தி. எழுப்புவதற்கு இதைவிட இணக்கமான பழைய வண்டி நம் நாட்டில் அநேகமாக இல்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாக வைத்து, கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கட்டிய வண்டி இது. 1950களின் இறுதியில் தொடங்கிய உற்பத்தி 2014 வரை நீடித்தது. உங்கள் மார்க் 2இல் இருக்கும் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. எம்ஜிஏ, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற வண்டிகளிலும் இதே குடும்பத்து எஞ்சின்தான் ஓடியது. அதனால் கேஸ்கெட், பேரிங், வால்வு போன்றவற்றுக்கு இன்றும் பஞ்சமில்லை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும், கொல்கத்தாவில் மல்லிக் பஜாரும், டெல்லியில் காஷ்மீரி கேட்டும் இருக்கும்வரை பெரும்பாலான உதிரிப் பொருள்கள் கிடைத்துவிடும். கிடைக்காதது பாடியின் தகடுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொட்டகையில் நிற்கும் நிலையிலேயே வண்டியை நான்கு பக்கமும், உள்ளேயும், பானட்டைத் திறந்தும், டிக்கியைத் திறந்தும் நிறைய படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வயர் எதில் போயிற்று, எந்த கிளிப் எங்கே இருந்தது என்பதை ஆறு மாதம் கழித்து அந்தப் படங்கள்தான் சொல்லும். கையை உள்ளே விடுவதற்குமுன் நீளக் குச்சியால் இருக்கைக்கு அடியிலும் பானட்டுக்குள்ளும் தட்டிப் பாருங்கள். கிராமத்துக் கொட்டகையில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கார்புரேட்டரின் வாயிலும் சைலன்சர் குழாயிலும் குளவி மண்கூடு கட்டியிருக்கும். கதவுகளின் உட்பக்க அட்டையைக் கரையான் தின்றிருக்கலாம். வண்டியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம்; இத்தனை ஆண்டு காய்ந்து கிடந்த தூசிக்குள் ஈரம் புகுந்தால், அதுவரை மெதுவாக நடந்த துரு ஒரே வாரத்தில் வேகம் எடுக்கும். தூரிகையும் உறிஞ்சும் இயந்திரமும் போதும். இருக்கைக்கு அடியிலும் டிக்கி மூலையிலும் கிடைக்கும் ஒவ்வொரு திருகையும், உடைந்த கைப்பிடித் துண்டையும்கூடத் தூக்கி எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

வண்டியை வெளியே எடுப்பதில் இன்னொரு தவறு நடக்கும். பிரேக் ஷூ டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். நாலு பேர் சேர்ந்து தள்ளியும் நகரவில்லை என்றால் டிராக்டரில் கயிறு கட்டி இழுப்பார்கள். அப்படி இழுத்தால் லைனிங் பிய்ந்து டிரம்முக்குள் சிக்கும், அரைகுறையாகத் துருப்பிடித்த ஸ்பிரிங் தொங்கல்கள் பிடுங்கிக்கொள்ளும். ஜாக்கி வைத்துத் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, டிரம்மின் ஓரத்தில் மரச்சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி விடுவிப்பதுதான் முறை. தூக்குவதற்குமுன் ஜாக்கி வைக்கும் இடத்தில் தகடு உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்க வேண்டாம். பழைய வண்டி வேலையில் உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான்.

பாடியைச் சோதிப்பதை எஞ்சினுக்கு முன்பே செய்யுங்கள். எஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் லேத்தில் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். அம்பாசிடரில் லாரியைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதிகளும், அவற்றைக் குறுக்கே இணைக்கும் பகுதிகளும் சேர்ந்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. முன் சக்கரங்களைத் தாங்கும் டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகித் தாங்கும் இரும்புத் தண்டுகள்) தரைக்கு அடியில் நீளவாட்டில் ஓடி, பின்முனையில் பாடியோடுதான் கட்டப்பட்டிருக்கின்றன. அந்த இடம் துருவில் மெலிந்திருந்தால், மேலே எவ்வளவு அழகாகப் பெயிண்ட் அடித்தாலும் அது ஓட்டத் தகுதியான வண்டி இல்லை.

சோதிக்கும் முறை எளியது. கார்பெட்டைச் சுருட்டிவிட்டு, தரையில் ஒட்டியிருக்கும் தார்ப்படலத்தை ஓரிடத்தில் உரித்து, திருப்புளியின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீர் என்று சொல்லும். மெலிந்த தகடு தொப் என்று அடங்கிவிடும். அந்த இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்தினால் வறுத்த அப்பளத்தைக் குத்தியதுபோலப் பொடியும். பின் ஸ்பிரிங் கட்டைகள் பாடியோடு சேரும் இடம், ஸ்டெப்னி வைக்கும் பள்ளம், முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ்மூலை, கதவுகளின் அடிப்பகுதி, முன் கண்ணாடி ரப்பரின் கீழ் விளிம்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய பெயிண்டுக்கு அடியில் பட்டி போட்டு மறைத்திருக்கிறார்களா என்று அறிய, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் காந்தம் பிடியை விட்டுவிடும். ஒருமுறை நான் பார்க்கப் போன ஒரு வண்டியில், வெளியே கண்ணாடிபோல் மின்னிய கதவுப் பெட்டிப் பகுதி முழுவதும் செய்தித்தாளைத் திணித்து அதன்மேல் பட்டி இழைத்திருந்தார்கள். காந்தம் ஒரு முழ நீளத்துக்கு எங்கும் ஒட்டவில்லை.

இந்தச் சோதனை முடிந்தபின்தான் முடிவெடுக்க வேண்டும். மேல்தகடுகளில் மட்டும் துரு என்றால் அச்சமே வேண்டாம். அடித்தளம் பரவலாகப் போயிருந்தால், வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய நல்ல டிங்கரும் மாதக்கணக்கான உழைப்பும் வேண்டும். மொத்தச் செலவில் பெரும்பங்கு அதற்குத்தான் போகும். அப்படிப்பட்ட வேலையில் கதவுகளை மாட்டிய நிலையிலேயே, குறுக்கே முட்டுக்கொடுத்து, ஒரு பக்கம் முடித்தபின் மறுபக்கம் என்று வெட்டச் சொல்லுங்கள். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

இனி எஞ்சின். நின்றுபோன எஞ்சினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால், ஏன் உடனே செல்ப் அடிக்கக் கூடாது என்பது தானே புரியும். கடைசியாக ஓடியபோது சிலிண்டர் சுவர்களில் இருந்த எண்ணெய்ப் படலம் சில மாதங்களில் வடிந்து, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்புக்குப் போய்விட்டது. ஏதோ ஒரு வால்வு திறந்த நிலையில் எஞ்சின் நின்றிருக்கும். அதன் வழியாக மழைக்காலக் காற்றின் ஈரம் உள்ளே போய், பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் மெல்லிய துரு வளையத்தை உண்டாக்கியிருக்கும். வால்வுத் தண்டுகள் அவற்றின் கைடுக்குள் பிசினும் துருவும் சேர்ந்து இறுகியிருக்கும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டும் அதன்மேல் அமரும் டேப்பட்டுகளும் எண்ணெயில்லாமல் இரும்போடு இரும்பாக அமர்ந்திருக்கும். இந்த நிலையில் செல்ப் மோட்டார் முழு விசையோடு சுற்றினால், இறுகிய வால்வு அசையாது, அதைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட் வளையும்; ரிங் உடையும்; துருப் பொடி சிலிண்டர் சுவரைக் கீறும். நான் முதன்முதலாக எழுப்ப முயன்ற வண்டியில் இதுதான் நடந்தது. செல்ப் அடித்ததும் ஓர் உலோக நொடிப்புச் சத்தம் கேட்டது. எஞ்சினின் உச்சியில் உள்ள ராக்கர் மூடியைத் திறந்தபோது இரண்டு புஷ் ராடுகள் அரிவாள்போல் வளைந்து கிடந்தன. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அந்த எஞ்சினைத் திறக்காமலேயே ஓட்டியிருக்கலாம் என்பது பிறகு சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது.

எனவே நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். எது எந்த சிலிண்டருக்கு உரியது என்று வரிசை மாறாமல் வையுங்கள். துருப்பிடித்த பிளக் எந்த சிலிண்டரில் ஈரம் இறங்கியது என்று காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு துளையிலும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்த கலவையை நான்கைந்து மேசைக்கரண்டி அளவு ஊற்றுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும். பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது. அசிட்டோன் கிடைக்கவில்லை என்றால் டீசலும் மெல்லிய எண்ணெயும் கலந்து ஊற்றினாலும் வேலை நடக்கும், நாள்தான் கூடும். பிளக் துளைகளைத் துணியால் அடைத்துவிட்டு ஒரு வாரம் விடுங்கள். நடுநடுவே கொஞ்சம் சேர்த்து ஊற்றுங்கள். அந்த வாரத்தில் ராக்கர் மூடியைத் திறந்து, வால்வு ஸ்பிரிங்குகளுக்கு நடுவே தெரியும் தண்டுகளிலும் அதே கலவையை விட்டு, ஒவ்வொரு வால்வையும் மரத்துண்டு வைத்து மெதுவாகத் தட்டி, இறங்கி ஏறுகிறதா என்று பாருங்கள்.

அம்பாசிடருக்கு முன் பம்பர் வழியாக ஹேண்டில் போட்டுச் சுற்றும் வசதி உண்டு. இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. கியரை நியூட்ரலில் வைத்து, பிளக்குகள் இல்லாத நிலையில், ஹேண்டிலை மெதுவாக அழுத்துங்கள். அசையாவிட்டால் விசையைக் கூட்டாதீர்கள், நாளைக் கூட்டுங்கள். இம்மி அசைந்தாலும், அதே திசையில் தள்ளாமல் டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் விரல்கடை அளவுக்கு ஆட்டுங்கள். ரிங் துருவை அரைத்து நகர்வதற்குப் பதிலாக அதிலிருந்து விடுபடும். முதல் முழுச் சுற்று வரும்போது, பிளக் துளைகளில் இருந்து பழுப்புநிறக் கலவை பீறிடும். முகத்தைத் தள்ளி வையுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் அசையவே இல்லை என்றால்தான் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

சுற்றத் தொடங்கிவிட்டால் சம்பின் அடித் திருகைத் திறந்து பழைய எண்ணெயை வடியுங்கள். முதலில் தண்ணீரும், பிறகு கறுப்புப் பசையும் வரலாம். முடிந்தால் சம்பையே கழற்றிக் கழுவி, எண்ணெய் உறிஞ்சும் வலையைச் சுத்தம் செய்யுங்கள். அடியில் படிந்த வண்டல் அந்த வலையை அடைத்தால் புது எண்ணெய் ஊற்றியும் பயன் இல்லை. 20டபிள்யூ-50 மினரல் எண்ணெய் போதுமானது. இன்றைய எஞ்சின்களுக்கான மெல்லிய செயற்கை எண்ணெயை விலையைப் பார்த்து நல்லது என்று நம்பி ஊற்ற வேண்டாம். இந்த வகை கேம்மும் தட்டை டேப்பட்டும் துத்தநாகச் சேர்ப்பு உள்ள எண்ணெயைத்தான் கேட்கும். ராக்கர், புஷ் ராட் எல்லாவற்றின்மீதும் எண்ணெய்க் குடுவையால் தாராளமாக விட்டபின், பிளக்குகள் இல்லாமலேயே சுற்றி, ராக்கர் ஷாஃப்டில் எண்ணெய் வந்து கசிவதைக் கண்ணால் பாருங்கள். அது வரும்வரை பிளக்கைப் போட வேண்டாம். டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள பாயிண்ட் இடைவெளியும் ஏறக்குறைய அதே அளவு, தீப்பொறி வரிசை 1-3-4-2.

பெட்ரோல் பகுதிக்கு வருவோம். டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோல் இப்போது பெட்ரோலே அல்ல. ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்தால் கருப்பட்டிப் பாகின் நிறத்தில், வார்னிஷ் வாடையோடு இருக்கும். அது கார்புரேட்டரின் நுண்துளைகளில் ஏறினால் பிசினாக இறுகும். சூடான வால்வில் படிந்தால், நீங்கள் பாடுபட்டு விடுவித்த வால்வுகளை ஒரே இரவில் மீண்டும் ஒட்டவைக்கும். டேங்கைக் கழற்றி, காலி செய்து, துருவை நீக்கி, அடைக்கவேண்டிய ஓட்டை இருந்தால் அதற்கென்று அனுபவமுள்ள ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். காலி டேங்கில் தங்கியிருக்கும் ஆவி, பெட்ரோல் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. தெரு வெல்டிங் பட்டறையில் அதைக் கொடுக்கவே கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்க் தேவையில்லை. தனி கேனில் இருந்து ஹோஸ் மூலம் கொடுத்தால் போதும்.

உங்கள் வண்டி செய்யப்பட்ட காலத்துக்கும் இன்றைக்கும் இடையே பெட்ரோலே மாறிவிட்டது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றுவிட்டது. இந்த எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு அமரும் விளிம்பு அந்த இரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயம் அதற்கு ஒரு மெத்தைபோல இருந்தது. ஈயம் இல்லாமல் அதிவேகத்தில் நெடுந்தூரம் ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு மெல்ல மெல்ல விளிம்புக்குள் புதையும். சரிசெய்த டேப்பட் இடைவெளி சில நூறு கிலோமீட்டரில் மீண்டும் மீண்டும் குறைந்தால், நடப்பது இதுதான் என்று கொள்ளலாம். அப்போது லேத்தில் கடின உலோக வளையம் பதித்துக்கொள்ளுங்கள். முன்னதாகவே அதற்காக ஹெட்டைப் பிரிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மாற்றம் எத்தனால். இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. 1972இல் செய்த ரப்பர் ஹோஸையும், பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும், தக்கைக் கேஸ்கெட்டையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி டேங்கின் அடியில் தண்ணீராகப் பிரிந்து நிற்கும். பழைய பிசினைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்புக்குள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் இதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். எல்லா ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகைக்கு மாற்றுங்கள். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் புது கிட் போடுங்கள். கண்ணாடிக் கூடு உள்ள வடிகட்டி ஒன்றைச் சேர்த்து, முதல் மாதம் வாரந்தோறும் பாருங்கள். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பெட்ரோல் சற்றுக் கூடுதலாக வரும்படி கார்புரேட்டரைச் சரிசெய்ய வேண்டிவரும்.

பிரேக்கில் ஒரு சமாதானமும் செய்துகொள்ள வேண்டாம். உங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஒரே எண்ணெய்ச் சுற்று. ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும், ஒரு குழாய் வெடித்தாலும் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; 18 ஆண்டு உறிஞ்சிய ஈரம் சிலிண்டர்களின் உட்சுவரில் பள்ளம் பள்ளமாக அரித்திருக்கும். ரப்பர் வாஷரை மட்டும் மாற்றி அதே சிலிண்டரைப் பூட்டினால் புது ரப்பரை அந்தப் பள்ளங்கள் ஒரு மாதத்தில் கிழித்துவிடும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், இரும்புக் குழாய்கள் அனைத்தையும் மாற்றுங்கள். புதியது கிடைக்காத சிலிண்டருக்கு உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போடலாம். பிரேக்கை மிதித்து விட்டபின் ஒரு சக்கரம் மட்டும் இறுகியே நின்றால், ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடவில்லை என்று அர்த்தம். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; டிரம்முக்குள் உள்ள தூசியைக் காற்று அடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். டயர்கள் எவ்வளவு பட்டன் மிச்சம் வைத்திருந்தாலும் குப்பைதான். கொட்டகைக்குள் நகர்த்த மட்டும் பயன்படும்.

ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுக்கக் கொடுப்பது வழக்கம். ஆனால் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்து பார்க்கப் பலர் மறந்துவிடுவார்கள். பின்பக்க சிலிண்டரைச் சுற்றித் துருச் சேறு இறுகி, திறந்தும் ஒரு சொட்டு வராது. கம்பியால் குத்தி, நீரைப் பாய்ச்சி, தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். இன்னொன்று, நம் ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம் என்று கழற்றிப் போடுவது நம் மெக்கானிக்குகளிடம் நெடுநாளாக ஊறிய பழக்கம். சரியான வெப்பத்துக்கு வராத எஞ்சினில் எண்ணெயில் ஈரம் தங்கும், சிலிண்டர் தேய்மானம் கூடும். அதைத் திரும்பப் பொருத்துங்கள்.

வயரிங்கில் எலி கடிக்காத இடம் இருந்தால் அதிசயம். பேட்டரியை இணைக்கும் நாள் வரும்போது, முதலில் எந்த முனை எர்த்தில் போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, பழக்கத்தில் நெகட்டிவைப் பாடியோடு பூட்டிவிடக் கூடாது. எர்த் அல்லாத முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவே இண்டிகேட்டரின் 21 வாட் பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்க அந்த பல்பு பளிச்சென்று எரிந்தால், எங்கோ வயர் பாடியைத் தொடுகிறது. நேரடியாக இணைத்திருந்தால் அந்த வயர்தான் எரிந்திருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டாகப் பிரித்து, பல்பு அணையும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். நெடுநாள் நின்ற டைனமோ தன் காந்தத்தை இழந்து சார்ஜ் தராமல் போகலாம். உடனே புதிது வாங்காமல், அதன் ஃபீல்டு முனைக்கு ஒரு நொடி பேட்டரியைத் தொட்டு உயிர்ப்பிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் முதல் ஸ்டார்ட். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தற்காலிகமாக ஓர் ஆயில் பிரஷர் மீட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் ஓட்டவேகத்தில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு அளவில் காட்டினால் மகிழ்ச்சியடையலாம். முதலில் புகை மண்டும். ஊற்றிய கலவை எரிவதுதான் அது. அரைமணி நேரம் ஓடியதும் அணைத்து, சூட்டோடு எண்ணெயை மாற்றுங்கள். கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டு கியர் விழவில்லை என்றால், பெடலை மரக்கட்டையால் அழுத்தி முட்டுக்கொடுத்து இரண்டு நாள் விட்டால் பெரும்பாலும் விடும். கம்ப்ரஷன் குறைவு, புகை அதிகம் என்று முதல் நாளிலேயே எஞ்சினை இறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒட்டிய ரிங்குகள் விடுபட இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஆகும். அவ்வளவு ஓடியபின் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்.

பெயிண்டைக் கடைசிக்கு விட்டதற்குக் காரணம் உண்டு. பெயிண்ட் அடித்த வண்டியில் பிரேக் எண்ணெய் சிந்தினால் பெயிண்ட் உரியும். வெல்டிங் செய்தால் கருகும். எஞ்சினை ஏற்றி இறக்கினால் கீறும். அதைவிட முக்கியமாக, உங்கள் தந்தையார் காலத்துப் பெயிண்ட் இன்னும் இருந்தால் அதை உரிக்காமல் விடவே நான் மன்றாடுவேன். மண்ணெண்ணெய் தொடாமல், மெல்லிய சோப்புநீரில் ஒரு மூலையை மட்டும் துடைத்து, பாலிஷ் போட்டுப் பாருங்கள்; மங்கலுக்குக் கீழே பழைய நிறம் எழுந்து வருவதைப் பார்த்தபின் பலர் மனம் மாறியிருக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2013இல் வெளியிட்ட ட்யூரின் சாசனமும், இருப்பதைக் காப்பதற்கே முதலிடம் தருகிறது. மாற்றியதைப் பதிவுசெய்து வைக்கவும் சொல்கிறது. தேய்ந்த ஸ்டியரிங்கும், கை பட்டு வழுவழுப்பான கியர்த் தண்டும் ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்பக் கிடைக்காது. இருக்கையின் ரெக்சின் கிழிந்திருந்தால் தைத்துக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் தேங்காய் நாரை மட்டும் மாற்றினால் போதும்.

ஆவணங்களை, இந்த வேலை நடக்கும்போதே தொடங்குங்கள். ஆர்சி தந்தையார் பெயரில் இருப்பதால், வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 மூலம் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். தனிப்பயன் காரின் பதிவு முதல் 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கப்படும்; அதற்கு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் செய்யாமல் மூலவடிவில் உள்ள வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு தனி விண்டேஜ் விதிகளைக் கொண்டுவந்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு, பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு கோயிலுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் எழுதியிருப்பதால், சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே உங்களுக்குப் பொருந்தும். எஞ்சினையோ பிளாக்கையோ மாற்றுவதானால் எண் மாறும் என்பதை நினைவில் வைத்து, முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கடைசியாக, நல்ல மெக்கானிக்கை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டிருந்தீர்கள். பழைய டாக்சி ஸ்டாண்டுகளுக்கு அருகில், அறுபதைத் தாண்டிய, பட்டறையைப் பாதி மூடிவிட்ட மனிதர்களை விசாரியுங்கள். அம்பாசிடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வேலையைக் கொடுப்பதற்குமுன் உங்கள் எதிரிலேயே டேப்பட் இடைவெளியை மட்டும் சரிசெய்துதரக் கேளுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா என்று முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்த்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுத்துத் துடைத்து, ஹேண்டிலால் எஞ்சினைக் கையாலேயே சுற்றி, ஒவ்வொரு வால்வாக வருபவர் என்றால் அவரிடம் சாவியைக் கொடுக்கலாம்.